செக்யூரிட்டியின் பாக்கெட் நோட்டு

ஒரு கட்டடத்தில் திருட்டோ தீயோ கைகலப்போ நடந்தால், அதைப் பற்றிய முதல் வரியை எழுதுகிறவர் பெரும்பாலும் அங்கே டூட்டியில் நிற்கும் செக்யூரிட்டி கார்டுதான். அந்த வரியை சூப்பர்வைசர் ரிப்போர்ட் ஆக்குவார். பெசிலிட்டி மேனேஜர் அதை மேலிடத்துக்கு மெயில் அனுப்புவார். இன்சூரன்ஸ் சர்வேயர் நகல் கேட்பார். ஸ்டேஷனில் கொடுக்கும் புகாரோடு இணைப்போம். சில விவகாரங்கள் கோர்ட்டு வரை போகும். இத்தனை பேர் கையிலும் சுற்றுகிற காகிதத்துக்கு அடியில் இருப்பது, ராத்திரி 2 மணிக்கு டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் எழுதிய நாலு வரி. அந்த நாலு வரி சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் பல வருடங்களாக என் கவலை. இப்போது அதுவே என் வேலையாகவும் ஆகிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை கேட்டில் லேடி கார்டாகச் சேர்ந்தவள் நான். ஷிப்ட் முடிந்து வெளியே போகும் பெண்களின் பைகளைப் பார்த்து அனுப்புவது அன்றைய வேலை. பிறகு ஓ.எம்.ஆர். சாலையில் ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று சூப்பர்வைசராகவும் பீல்டு ஆபீசராகவும் இருந்தேன். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்த 2005இல் ஒரு சட்டம் வந்தது. அதையொட்டி 2006இல் வந்த மத்திய மாதிரி விதிகள், ஒரு கார்டுக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்று கூறின. சல்யூட், டிரில், தீயணைப்பு, அடையாள அட்டையைப் பார்க்கும் முறை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் நான் பார்த்த வகுப்புகளில் எழுதிப் பழக ஒரு முழு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். ரெஜிஸ்டரில் கோடு போட்டுக் கட்டம் நிரப்பச் சொல்லித் தருவார்கள், அதோடு சரி. கட்டத்துக்குள் அடங்காத சம்பவம் வரும்போது கார்டு தவித்துப் போகிறார்.

கேட்டில் இருக்கும் ஆக்கரன்ஸ் ரெஜிஸ்டர் வேறு, சட்டைப் பையில் இருக்கும் நோட்டு வேறு. ரெஜிஸ்டரில் எழுதும்போது சம்பவம் முடிந்திருக்கும். நாலு பேர் பேசிக் கேட்டிருப்போம். யார் மேல் தப்பு என்று ஒரு கதை உருவாகியிருக்கும். பாக்கெட் நோட்டில் எழுதும்போது அந்தக் கதை இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் ரெஜிஸ்டர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பாக்கெட் நோட்டும் வேண்டும் என்று சைட்டுக்குச் சைட் சண்டை போட்டு வாங்குகிறேன்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஸ்பைரல் வேண்டாம். தாள் கிழித்தால் தடம் தெரியாது. தைத்த நோட்டு, உள்ளங்கை அளவு, கெட்டி அட்டை. கொடுக்கும் நாளிலேயே பக்கங்களுக்கு எண் போட்டு, முதல் பக்கத்தில் யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். பேனா பால் பாயின்ட்தான். ஜெல் பேனா வழவழவென்று எழுதும், ஆனால் அதன் மை பல சமயம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் ஏறிய ராத்திரி, எந்தப் பம்ப் எத்தனை மணிக்கு நின்றது, எந்த வண்டிக்காரருக்குப் போன் போட்டோம் என்று பையன்கள் எழுதிய பக்கங்கள் முழுக்க நனைந்தன. பால் பாயின்ட்டில் எழுதியதெல்லாம் காய்ந்த பிறகு படிக்க முடிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டபோது அந்தச் சுருங்கிய பக்கங்களைத்தான் காட்டினோம். அந்த நோட்டில் சொந்தக் கணக்கு எதுவும் வரக்கூடாது. சீட்டுப் பணம், ரீசார்ஜ் நம்பர், ஊருக்குப் போகிற ரயில் நேரம் எழுத வேறு காகிதம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நாளைக்கு யாரோ ஒரு வக்கீல் அந்த நோட்டைப் புரட்டக்கூடும் என்பதைச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவது நல்லது.

நேரத்தில்தான் எல்லா ரிப்போர்ட்டும் முதலில் அடிபடுகிறது. கார்டின் கைக்கடிகாரம் ஒன்று சொல்லும், பயோமெட்ரிக் மெஷின் ஒன்று சொல்லும், கேமரா பதிவாகும் டி.வி.ஆர். கருவியின் திரையில் வேறொன்று ஓடும். டி.வி.ஆர். கடிகாரம் இன்டர்நெட்டோடு இணைக்கப்படாமல் இருந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விலகிப் போகும். கரண்ட் போய் வந்த பிறகு பழைய தேதிக்கே போய்விட்ட கருவிகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஷிப்ட் ஏற்றதும் நோட்டில் எழுத வேண்டிய முதல் வரி இதுதான்: செல்போன் 20.00, டி.வி.ஆர். 20.07, கேட் மெஷின் 19.58. இந்த ஒரு வரி இருந்தால், பிறகு எந்தச் சம்பவத்தையும் எந்தக் கருவியிலும் தேடிப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் ‘கார்டு சொல்லும் நேரத்தில் கேமராவில் யாருமே இல்லையே’ என்று ஒருவர் கேட்க, அந்த ஏழு நிமிடத்துக்காக ஒரு நல்ல மனிதர் பொய்யர் ஆகிவிடுவார்.

24 மணி நேரக் கணக்கில்தான் எழுத வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு தேதியை மாற்றி எழுத வேண்டும். நம் பேச்சில் ராத்திரி ஒன்றரை மணிக்கு நடந்ததை ‘நேத்து ராத்திரி’ என்றுதான் சொல்வோம். கார்டும் முந்தைய நாள் தேதியைப் போட்டுவிடுவார். புகாரில் ஒரு தேதி, கேமரா பதிவில் ஒரு தேதி என்று வந்தால் அதைச் சரி செய்ய ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்க வேண்டும். 00.00 ஆனதும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, புதுத் தேதியை எழுதிவிட்டு அடுத்த ரவுண்ட்ஸுக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். சம்பவம் ஒன்றும் இல்லாத ராத்திரியிலும் அந்தக் கோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று, சம்பவம் நடந்த நேரமும் எழுதிய நேரமும் தனித்தனி. தீ எரியும்போது யாரும் நோட்டை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. அணைத்து, ஆட்களை வெளியேற்றி, 101க்குச் சொல்லி, மூச்சு வாங்கிய பிறகு எழுதினால் போதும். ‘02.15 வாக்கில் நடந்தது, 02.50க்கு எழுதுகிறேன்’ என்று அதையே எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் இதற்கு இடம் தருகிறது. அதன் 162ஆம் பிரிவின்படி, சாட்சி சொல்ல வருகிறவர் சம்பவம் நடந்தபோதோ, அது நினைவில் பசுமையாக இருக்கும்போதே சற்றுப் பிறகோ தன் கையால் எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பழைய சட்டத்தில் இது 159ஆம் பிரிவு. சம்பவம் நடந்து இரண்டு மூன்று வருடம் கழித்து விசாரணை வரும். அப்போது அந்தக் கார்டு வேறு சைட்டில், வேறு கம்பெனியில், சில சமயம் வேறு மாநிலத்தில் இருப்பார். அவர் கையில் இருக்கப்போவது அந்தப் பக்கம் ஒன்றுதான். அப்படி அவர் பார்த்துச் சொல்லும் பக்கத்தை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், அதை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதனால் அடித்து மறைப்பது, ஒயிட்னர் பூசுவது, தாளை ஒட்டுவது எதுவும் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு, அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும், பக்கத்தில் சிறு கையெழுத்து.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கார்டுகளும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. மஞ்சள் சோடியம் விளக்குக்கு அடியில் நிறம் நம்பகமாகத் தெரியாது. நீலம் கறுப்பாகவும் சிவப்பு பழுப்பாகவும் தெரியும். ‘பழுப்புச் சட்டை’ என்று மட்டும் எழுதாமல், ‘மஞ்சள் லைட்டுக்கு அடியில் பழுப்பாகத் தெரிந்தது’ என்று எழுத வேண்டும். கேமராவோ ராத்திரியில் இன்ஃப்ராரெட்டுக்கு மாறிவிடும். அதில் வருவது கறுப்பு வெள்ளைப் படம். பாலியெஸ்டர் மாதிரியான செயற்கை இழைத் துணி நம் கண்ணுக்குக் கறுப்பாக இருந்தாலும், இன்ஃப்ராரெட்டைத் திருப்பி அனுப்பும் சாயமாக இருந்தால் படத்தில் வெளேரென்று தெரியும். ஒரு ஐ.டி. வளாகத்தில் நடந்த திருட்டில் இப்படித்தான் ஆனது. சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து வெளியேறியவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தார் என்று பையன் எழுதியிருந்தான். கேமராவில் வெள்ளைச் சட்டை. அவனே திருடனுக்கு உடந்தை என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அன்று ராத்திரியே எங்கள் ஆள் ஒருவரைக் கறுப்பு டிராக் சூட் போட்டுக்கொண்டு அதே கேமரா முன்னால் நடக்க வைத்துப் பதிவைக் காட்டினேன். அதிலும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. கண்ணும் கேமராவும் தனித்தனியாகச் சரியாகவே சொல்லியிருந்தன. கேமராவைப் பார்த்துவிட்டு நோட்டைத் திருத்தாமல் இருந்தானே, அதற்காக அந்தப் பையனை இன்றும் வகுப்பில் பெயர் சொல்லாமல் பாராட்டுகிறேன்.

வண்டி நம்பரைப் பொறுத்தவரை, தெரிந்ததை மட்டும் எழுதி, தெரியாத எழுத்துக்குக் கோடு விட்டுவிட வேண்டும். டி.என். 14, பிறகு இரண்டு எழுத்து தெரியவில்லை, கடைசி இலக்கங்கள் 4, 7 என்பது நல்ல குறிப்பு. அதையே ஊகித்து நிரப்பினால், சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும். நம்பர் தெரியாத தூரத்திலும் பிளேட்டின் நிறம் தெரியும்: வெள்ளை சொந்த வண்டி, மஞ்சள் வாடகை வண்டி, பச்சை மின்சார வண்டி, கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். 2021இல் வந்த பி.எச். வரிசையில் வருடம் முதலில் வரும், அதன் பிறகு பி.எச். என்று இருக்கும், மாநில எழுத்தே இருக்காது. அதைத் தெரியாத கார்டுகள் ‘போலி நம்பர்’ என்று எழுதி, ஊர் மாறி வந்த குடும்பங்களை கேட்டில் நிறுத்தி வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இடத்தைச் சொல்ல, பேஸ்மென்ட்டில் தூண் நம்பர் போதும். ‘பார்க்கிங்கில் லிஃப்ட் பக்கம்’ என்றால் எந்த லிஃப்ட்? ‘பி2, தூண் 47க்கும் 48க்கும் நடுவில்’ என்றால் மறுநாள் யார் போனாலும் அதே இடத்தில் நிற்பார்கள். தூரத்துக்குத் தரை டைல்ஸை எண்ணலாம், பெரும்பாலும் இரண்டு அடிக்கு இரண்டடி. உயரத்துக்கு அந்த ஆள் எதன் அருகில் நின்றார், தலை அதில் எதுவரை வந்தது என்று எழுத வேண்டும். ‘சுமார் ஐந்தரை அடி’ என்பது ஊகம். ‘தலை கார்டு ரெஸ்ட் ரூம் கதவின் கைப்பிடிக்கு மேல் இரண்டு சாண்’ என்பதை அளந்து பார்க்கலாம்.

இவையெல்லாம் கற்றுக்கொண்டால் வந்துவிடும். வராமல் முரண்டு பிடிப்பது ஒன்று இருக்கிறது: பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்து எழுதுவது. ‘சந்தேகத்துக்கிடமான நபர் சுற்றித் திரிந்தார்’ என்று எழுதுவதில் கார்டுகளுக்கு ஒரு தனி ஆசை, கேட்க போலீஸ் மாதிரி இருக்கிறது. அதில் ஒரு தகவலும் இல்லை. எந்த நேரத்தில், எங்கே, எதைச் செய்தார்? ‘23.10 முதல் 23.25 வரை சி பிளாக் முன் நிறுத்தியிருந்த மூன்று பைக்குகளின் பூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார்’ என்றால் படிக்கிறவரே முடிவு செய்துகொள்வார். சந்தேகம் என்ற சொல்லை எழுதத் தோன்றும்போதெல்லாம் ‘எதைப் பார்த்து?’ என்று தன்னையே கேட்டு, அந்தப் பதிலை எழுதச் சொல்கிறேன். பல தடவை பதில் இப்படி இருக்கும்: அழுக்குச் சட்டை, இந்திக்காரர், இந்தப் பக்கம் பார்த்ததில்லை. அதை எழுதக் கை கூசும். கூசட்டும், அது நல்லதுதான்.

‘குடிபோதையில் தகராறு’ அதே மாதிரி இன்னொரு வரி. போதையா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். நாம் எழுத வேண்டியது வாசனை வந்ததா, நடை எப்படி, பேச்சு எப்படி, என்ன சொன்னார் என்பதுதான். ஒரு மதியம் பார்சல் கொண்டு வந்த டெலிவரி தம்பி ஒருவர் கேட்டில் தள்ளாடினார், பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் குடித்திருக்கிறான் என்றார்கள். டூட்டியில் இருந்தவர் நோட்டில் எழுதியது: ‘13.20. பேச்சு குழறுகிறது. சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்குகிறது. மது வாசனை இல்லை.’ எழுதி முடித்ததும் அவருக்கே கடைசி வரி உறுத்தியிருக்கிறது, 108ஐக் கூப்பிட்டுவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் போயிருந்தது. சர்க்கரை குறைந்தவருக்கும் குடித்தவருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் பல சமயம் வித்தியாசம் தெரியாது. ஆம்புலன்ஸில் வந்தவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது ரிப்போர்ட்டுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன்.

குற்றச்சாட்டு எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. பொருள் காணாமல் போனால் முதலில் விரல் நீட்டப்படுவது வீட்டு வேலை செய்யும் அம்மா மேல், பிறகு ஹவுஸ்கீப்பிங் பெண் மேல், டிரைவர் மேல், கடைசியில் செக்யூரிட்டி மேல். இவர்களுக்காகப் பேச அசோசியேஷன் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. ஒரு குடியிருப்பில் தங்க வளையல் ஒன்று காணோம் என்று வந்தது. மதியம் அந்த வீட்டம்மா இன்டர்காமில் சொன்னதை சர்வீஸ் கேட்டில் இருந்த எங்கள் லேடி கார்டு அப்படியே எழுதியிருந்தாள்: ‘12.35. டி பிளாக்கிலிருந்து போன். பதினோரு மணிக்கு மேல்தான் கழற்றி டேபிளில் வைத்தேன், இப்போது இல்லை என்றார்.’ அன்று காலைப் பக்கத்தில் அவளே எழுதிய இன்னொரு வரி: ‘10.52. டி பிளாக் வேலைக்கார அம்மா வெளியே. கட்டைப் பை. டிபன் பாக்ஸ் ஒன்று, நைட்டி ஒன்று, கீரைக் கட்டு ஒன்று. பையை அவரே திறந்து காட்டினார்.’ அந்த அம்மா மறுபடி உள்ளே வரவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த அம்மாவின் போட்டோ குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிக்கொண்டிருந்தது. வளையல் கழற்றிய நேரம் பதினொன்றிலிருந்து பத்தாகி, பிறகு ‘காலையில எப்பவோ’ என்று ஆகிவிட்டது. வீட்டம்மா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பதற்றத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நினைவு அந்த முடிவுக்கு ஏற்றபடி வளைந்துகொள்ளும், எல்லாருக்கும் அப்படித்தான். கமிட்டி ஆபீசில் நான் ஒன்றும் வாதாடவில்லை. இரண்டு பக்கங்களையும் திறந்து மேஜையில் வைத்தேன். செக்ரட்டரி சார் படித்தார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். புகார் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போட்டோவைக் குரூப்பிலிருந்து எடுக்க வைத்தோம். மறுநாள் காலை அந்த அம்மா அதே கேட் வழியாக வேறு வீட்டு வேலைக்கு வந்தார், லேடி கார்டிடம் ‘நல்லா இருப்பம்மா’ என்றார். கீரைக் கட்டைக்கூட எழுத வேண்டுமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். பையில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்ததால்தான் அந்த வரியை நம்பினார்கள். ‘பை சோதிக்கப்பட்டது, ஓகே’ என்று இருந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

அந்தப் போட்டோ விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. நோட்டில் இருப்பது மற்றவர்களின் பெயர், போன் நம்பர், வந்து போன நேரம். சம்பவக் குறிப்பை யாரும் படம் எடுத்துக் குரூப்பில் போடக்கூடாது. கார்டும் கூடாது, கமிட்டிக்காரரும் கூடாது. குறிப்பு சூப்பர்வைசருக்குப் போகும், தேவைப்பட்டால் போலீசுக்குப் போகும்.

நேரில் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதுவது தனிக் கலை. 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி, என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்டவர்களுக்கு மணிக்கு 40 மைலுக்கு மேல் என்று சராசரி வந்தது; ‘தொட்டபோது’ என்று கேட்டவர்களுக்கு 32 மைலுக்குள். வேறு மாணவர்களை வைத்துச் செய்த இரண்டாவது சோதனையில், படம் காட்டி ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். வெறுமே ‘மோதியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். கேள்வியில் நாம் போடும் சொல் அவர்களுடைய நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ‘அவன் எந்தப் பக்கம் ஓடினான்?’ என்று கேட்டால், அவன் என்பதையும் ஓடினான் என்பதையும் நாமே கொடுத்துவிட்டோம். ‘நீங்க என்ன பார்த்தீங்க?’, பிறகு ‘அப்புறம்?’. இந்த இரண்டு கேள்வியே போதும். அவர் நிறுத்தினால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும், அந்த மௌனத்தில் பாதி விஷயம் வரும். இரண்டு பேர் பார்த்திருந்தால் தனித்தனியாகக் கேட்க வேண்டும். டீ கடையில் சேர்ந்து பேசிவிட்டு வந்தவர்களின் கதை ஒன்றாகத்தான் இருக்கும், நிஜத்தில் அப்படி இருப்பதில்லை. மிரட்டல், வசவு எதுவானாலும் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்று நாகரிகமாக எழுதினால் வழக்குக்கு ஆகாது. கெட்ட வார்த்தை எழுத லேடி கார்டுகள் தயங்குவார்கள். அது நீ சொன்னதில்லை, அவர் சொன்னது, மேற்கோள் குறி போட்டு எழுது என்பேன்.

இன்று சென்னைச் சுற்றுவட்டாரத்து சைட்டுகளில் ஒடிசா, அசாம், பீகார் பையன்கள் நிறையப் பேர். அவர்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொன்னால் நாலே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், அதுவும் அரைகுறையாக. ஒடியாவிலோ இந்தியிலோ அசாமியிலோ அவர்கள் கைக்கு வரும் எழுத்தில் எழுதட்டும் என்று நான் விட்டுவிடுகிறேன். ரிப்போர்ட்டுக்குத் தமிழில் வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி, மூலப் பக்கத்தின் எண்ணைக் குறித்துவிடுகிறேன். சில வாடிக்கையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. பையன் முழுசாகச் சொன்ன ஒரு பக்கம் அவர்களுக்கு எத்தனை உதவும் என்பதை ஒரு சம்பவம் வந்தால் புரிந்துகொள்கிறார்கள்.

யாரையாவது கையும் களவுமாகப் பிடித்து வைத்தால் கடிகாரம் இன்னும் முக்கியம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, தன் கண்முன் நடந்த, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தைச் செய்தவரையோ, கோர்ட்டு அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியையோதான் பொதுஜனம் பிடிக்க முடியும். பிடித்தால் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த 6 மணி நேர வரம்பு இல்லை. ஆகவே பிடித்த நேரம், ஸ்டேஷனுக்கோ 112க்கோ சொன்ன நேரம், ஒப்படைத்த நேரம், வாங்கிக்கொண்ட காவலரின் பெயரும் நம்பரும், அதுவரை அந்த ஆள் எந்த அறையில் யாருடன் இருந்தார், தண்ணீர் கேட்டாரா, கொடுத்தோமா என்பது வரை எழுத வேண்டும். உடம்பில் ஏற்கெனவே இருந்த காயத்தையும் எழுத வேண்டும். யாரும் கை வைக்கக்கூடாது. நாளைக்கு ‘செக்யூரிட்டி அடித்தார்கள்’ என்று வந்தால் பதில் சொல்லப் போவது அந்தப் பக்கம்தான். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் எப்.ஐ.ஆர். போடும் முன்பு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், அந்த நம்பரை அன்றே நோட்டில் ஏற்றிவிட வேண்டும். ரசீது தொலையும், நோட்டு இருக்கும்.

டி.வி.ஆர். விஷயத்தில் தாமதம் கூடாது. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டு போகும். எத்தனை நாள் தாங்கும் என்பது கேமரா எண்ணிக்கையையும் டிஸ்க் அளவையும் பொறுத்தது. ஒவ்வொரு சைட்டிலும் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். திரையில் ஓடுவதைச் செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது போதாது. கருவியிலிருந்து நேராக எடுத்து, எந்தக் கேமரா, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, யார் எடுத்தது, எந்தப் பென் டிரைவ், யாரிடம் கொடுத்தது என்று நோட்டில் வர வேண்டும். கோர்ட்டில் மின்னணுப் பதிவுக்கு சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். அதில் கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் எழுத வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வர வேண்டும். அதை நிரப்ப உட்காரும்போது, அன்று ராத்திரி எழுதிய நோட்டுக் குறிப்பு இல்லாவிட்டால் பாதிக் கட்டங்கள் காலியாகவே நிற்கும்.

பாக்கெட் நோட்டிலிருந்து ரிப்போர்ட் எழுதுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நேர வரிசை, நம் கண்ணால் பார்த்தது, பிறர் சொன்னது, நாம் செய்தது, யாருக்கு எப்போது சொன்னோம். ஊகம் அவசியமானால் கடைசியில் தனிப் பத்தி, ‘என் கருத்து’ என்ற தலைப்போடு.

கஷ்டமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. மேலே இருந்து ஒரு போன் வரும். ‘ரவுண்ட்ஸ் ஒரு மணிக்குப் போனதா இருக்கட்டுமே’, ‘கதவு பூட்டியிருந்ததுன்னு மாத்திடுங்க’, ‘அந்த வரி தேவையா?’ கேட்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஒரு இடத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்ற வரியை எடுக்கச் சொன்னார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நோட்டை மாற்ற முடியாது சார், நீங்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன். இன்றைய தேதி போட்டு, இன்ன நேரத்தில் இன்னார் சொன்னது என்று புது வரியாக எழுதுவேன். அப்படிச் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தனியாக நிற்கும் கார்டுக்கு இந்தத் தைரியம் எளிதில் வராது. வேலை போய்விடும் என்று பயப்படுவார், பயத்துக்குக் காரணமும் உண்டு. அதனால் இப்படிப் போன் வந்தால் ‘மேடத்துகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று என் பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசர் என்று ஒருவர் இருப்பது இதற்காகத்தான்.

நோட்டு நிறைந்தால் என்ன செய்வது? பல சைட்டுகளில் கார்டு ஊருக்குப் போகும்போது நோட்டும் பெட்டியோடு போய்விடுகிறது. ஏஜென்சி மாறும்போது பழைய ரெஜிஸ்டர்களைப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிட்டுப் போகிறார்கள், தீபாவளிக்கு முன்னால் அது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடுகிறது. நான் இருக்கும் இடங்களில் நிறைந்த நோட்டைக் கையெழுத்து வாங்கித் திரும்பப் பெற்று, சைட் பெயர், கார்டு பெயர், ஆரம்பத் தேதி, முடிந்த தேதி எழுதிப் பீரோவில் வைக்கிறோம். போலீசிலோ கோர்ட்டிலோ இன்சூரன்ஸிலோ நிலுவையில் இருக்கும் சம்பவம் எழுதப்பட்ட நோட்டின் முதுகில் சிவப்பு டேப் ஒட்டிவிடுவோம். ஒப்பந்தம் முடிந்து சைட்டை விட்டு வரும்போது, சிவப்பு டேப் நோட்டுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, நோட்டு யார் பொறுப்பில் இருக்கிறது என்று புது ஏஜென்சியின் பீல்டு ஆபீசரிடமும் அசோசியேஷனிடமும் கையெழுத்து வாங்குகிறேன். பட்டியலின் ஒரு நகலை அந்த நோட்டை எழுதிய கார்டின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பி வைப்பேன். நோட்டின் உள்பக்கம் எதுவும் அதில் இருக்காது. எந்த நோட்டு, எந்தப் பக்கம், யாரிடம் இருக்கிறது என்பது மட்டும். சம்மன் வந்தால் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.